முகமும் நிலைக்களனும்: காட்டுயிர்ப் புகைப்படங்களில் உணர்ச்சி பற்றிச் சில குறிப்புகள்

ஒரகடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களை ஒரு டிரெயினிங் ஹாலில் உட்கார வைத்தார்கள். சுவரில் ஐந்து பெரிய வண்ணப் படங்கள். கழுகுக்குக் கீழே 'இலக்கு' என்று எழுதியிருந்தது. சிங்கத்துக்குக் கீழே 'தலைமை', புலிக்கு 'துணிவு', யானைக் கூட்டத்துக்கு 'நம் குடும்பம்'. ஐந்தாவது படத்தில் பனிவெளியில் நீண்ட ஒற்றை வரிசையாக ஓநாய்கள் போய்க்கொண்டிருந்தன. அதன் கீழே 'குழு உணர்வு'. பயிற்சி கொடுக்க வந்தவர் ஓநாய்ப் படத்தை விரிவாக விளக்கினார். முன்னே போகிற மூன்றும் கிழடு, நோயாளி. அவற்றின் வேகத்துக்கே மற்றவை நடக்கின்றன. அடுத்த ஐந்து பலசாலிகள். நடுவில் கூட்டம். அதற்குப் பின்னால் மறுபடி ஐந்து பலசாலிகள். கடைசியில் தனியாக வருவதுதான் தலைவன், எல்லாரையும் பார்த்துக்கொண்டே வருகிறான். "நீங்கள்லாம் நடுவுல வர்ற ஓநாய்ங்கப்பா. பின்னாடி ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கார்னு நம்பி நடங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். திருவண்ணாமலை, விழுப்புரம், ஒடிசா, பீகார் என்று பல இடங்களிலிருந்து வந்திருந்த எங்களில் ஒருவரும் பனியைப் பார்த்ததில்லை.

அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 2011இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஃப்ரோசன் பிளானட்' தொடருக்காக, கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில் சாடன் ஹண்டர் எடுத்தது. 25 ஓநாய்கள், பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருது வேட்டைக்குப் போகின்றன. ஆழமான பனியில் முன்னே போவது மிதித்து வழி உண்டாக்குகிறது. பின்னால் வருபவை அதே சுவட்டில் கால் வைத்துச் சக்தியை மிச்சப்படுத்துகின்றன. கூட்டத்துக்கு வழிகாட்டிப் போனது ஒரு பெண் ஓநாய் என்பதே படத்தோடு வந்த விளக்கம். கிழடு, நோயாளி, பின்னால் வரும் தலைவன் ஆகியவை 2015 கடைசியில் யாரோ எழுதிச் சேர்த்து உலகெங்கும் பரவிய கதை. பனி, பசி, எருது மூன்றும் நீக்கப்பட்டு அந்த இடத்தில் 'உணர்வு' வைக்கப்பட்டது. ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தது அந்த உணர்வு மட்டும்தான்.

ஒரு தவறான தகவல்தானே, திருத்திவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டுயிர்ப் புகைப்படத்தில் 'உணர்ச்சி' என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இதே வழியில்தான் உற்பத்தியாகிறது என்று நினைக்கிறேன். இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை.

2

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பட்டியலை ஒப்பித்தவர்கள் பலரும் மறந்துபோவது, ஒவ்வொன்றுக்கும் அது நான்கு நிலைக்களன்களையும் சேர்த்துச் சொல்கிறது என்பதை. அழுகை என்றால் எதனால்? இழிவுபட்டதாலா, இழந்ததாலா, நிலை தாழ்ந்ததாலா, வறுமையாலா? அச்சம் என்றால் எதனிடம்? தெய்வத்திடமா, விலங்கிடமா, கள்வரிடமா, தன்னை ஆளும் தலைவனிடமா? காரணம் கேட்காமல் ஓர் உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்க அந்த இலக்கணம் இடம் தருவதில்லை. உணர்ச்சியை முகத்துக்குள் பூட்டிக் கிடக்கும் சரக்காக அது பார்க்கவில்லை. ஓர் உடலுக்கும் அதற்கு எதிரே இருப்பதற்கும் இடையில் நடப்பதாகப் பார்க்கிறது.

உரையாசிரியர் இளம்பூரணர் தரும் உதாரணம் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. பேயையோ புலியையோ கண்டு ஒருவன் அஞ்சுகிறான். அங்கே அச்சத்துக்குக் காரணமான புலி சுவைப்பொருள். அதைக் கண்டதிலிருந்து அவனை விட்டு நீங்காத அச்சம் சுவை. அவன் மயங்குவதும் ஒளிவதும் குறிப்பு. நடுங்குவதும் வியர்ப்பதும் சத்துவம். எவ்வளவு நுட்பமான பகுப்பு! ஆனால் இதில் புலி வெறும் காரணம் மட்டுமே. புலி அவனைக் கண்டு என்ன ஆனது என்று உரை கேட்கவில்லை. மனம் என்கிற ஆறாவது அறிவை மனிதருக்குச் சொல்லும் மரபியல், ஒருசார் விலங்குகளுக்கும் அது உண்டு என்று சேர்த்துக்கொள்கிறது. அதாவது கேள்விக்கான கதவு திறந்துதான் இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

காமிரா இந்த உதாரணத்தைத் தலைகீழாக்குகிறது. இப்போது படத்தில் இருப்பது புலி. பல்லை இளித்து, காதைப் பின்னால் மடக்கி, மூக்கைச் சுருக்கிய புலி. 'ஆவேசம்' என்று தலைப்பு. இளம்பூரணரின் வரிசைப்படி கேட்போம். குறிப்பும் சத்துவமும் படத்தில் உண்டு. சுவைப்பொருள் எங்கே? பல படங்களில் சுவைப்பொருள் வேறு யாருமில்லை, படம் எடுத்தவர்தான். அவர் உட்கார்ந்திருந்த ஜீப், பக்கத்தில் நின்ற இன்னும் நான்கு ஜீப்புகள், என்ஜின் சத்தம். தன்னைச் சூழ்ந்தவற்றைப் பார்த்து 'கிட்டே வராதே' என்று ஒரு மிருகம் சொன்னதை, காட்டின் ஆதி ஆவேசம் என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம். விலங்கின் உணர்ச்சிக்கு எது காரணமோ அதுவே படத்தின் எல்லைக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்டு உரிமை கொண்டாடுகிறது.

இதற்கு லென்சும் உதவி செய்கிறது. நீண்ட தொலைநோக்கு லென்ஸ் முகத்தைக் கிட்டே இழுத்து, பின்னணியை வண்ணக் குழம்பாகக் கரைத்துவிடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கரைந்துபோவது வெறும் பின்னணியா? தண்ணீர் எந்தப் பக்கம், குட்டி எங்கே நிற்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது, வேலி எங்கே போட்டிருக்கிறார்கள் ஆகிய எல்லாமே அந்தக் குழம்புக்குள் போய்விட்டன. நிலைக்களன் கரைந்த பிறகு மிஞ்சுவது ஒரு முகம். காரணமில்லாத முகத்தைப் பார்க்க மனிதக் கண்ணுக்குப் பொறுக்காது. உடனே தன் காரணத்தை எடுத்துப் பூசும். படத்தின் சிதறும் அர்த்தங்களைத் தலைப்பு ஒரு நங்கூரம்போலப் பிடித்து நிறுத்துகிறது என்று ரோலான் பார்த் 1964இல் விளம்பரப் படத்தை வைத்து எழுதினார். காட்டுயிர்ப் படத்தில் நங்கூரம் மட்டும்தான் இருக்கிறது, கப்பலைக் காணோம்.

3

முகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வண்டலூர் வரை போய் வந்தால் போதும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் நேரே போகிற பஸ்தான். குரங்குகளின் முன்னால் நிற்கிற கூட்டம், "பாரு, சிரிக்குது" என்று போனை நீட்டும். குரங்குகள் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் பயத்தின் அடையாளம், அல்லது பலசாலியிடம் பணிந்துபோவதன் அடையாளம். யானை அழுவதாகச் சொல்லும் படங்கள் அதைவிட அதிகம். யானைக்குக் கண்ணீரை மூக்குக்குள் வடித்துவிடும் குழாய் கிடையாது. ஆகவே கண்ணில் ஊறும் ஈரம் கன்னத்தில்தான் வழியும், துக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதைச் சொன்னவுடன் ஒரு குரல் கேட்கும்: அப்படியானால் விலங்குக்கு உணர்ச்சியே கிடையாது என்கிறாயா? இல்லை, அதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். விலங்கை ஓர் இயந்திரம் என்று சொல்லி அதன் வலியை அலறும் சக்கரத்தின் சத்தமாகக் கேட்கிற தத்துவம் ஐரோப்பாவில் வெகுகாலம் செல்வாக்கோடு இருந்தது. 1872இல் டார்வின் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றிப் புத்தகம் எழுதி, அதில் புகைப்படங்களையும் அச்சிட்டு, இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்தார். உணர்ச்சி உண்டு. நம் முகத்தின் அச்சில் வார்த்து அதைத் தேடுவதால்தான் அது தப்பிவிடுகிறது.

2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தின் வெள்ளியாற்றில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பெண் யானை ஆற்று நடுவில் நிற்கிறது. தும்பிக்கையும் வாயும் தண்ணீருக்குள். அவ்வளவுதான். தெரியாதவர் பார்த்தால் வெயிலுக்கு இதமாகத் தண்ணீரில் நிற்கிறது என்பார். பன்றிக்கு வைக்கிற வெடி பொதிந்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் அலைந்து, கடைசியில் அந்தத் தண்ணீரில் வந்து நின்றது அது. மே 27 அன்று நின்ற இடத்திலேயே செத்தது. பிரேதப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. நம் காலத்தில் இந்த அளவு வேதனையைக் கொண்ட காட்டுயிர்ப் படம் அதிகம் இல்லை. ஆனால் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. வேதனை அது நின்ற இடத்தில் இருக்கிறது, நின்ற நேரத்தில் இருக்கிறது, கரையேற மறுத்ததில் இருக்கிறது. அது போதவில்லை போலிருக்கிறது. சில நாட்களில் கண்ணீர் விடும் தாய், வயிற்றுக்குள் சிரிக்கும் குட்டி என்று ஓவியங்கள் குவிந்தன. படத்தில் கிடைக்காத முகத்தை வரைந்தே தீர்த்தார்கள். முகம் கிடைத்த பிறகு, விளைநிலத்தின் ஓரத்தில் வெடி வைக்கப்படுவது ஏன், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்கிற கேள்விகள் இரண்டாம் பட்சமாகிவிட்டன. துக்கம் பெருகியது, காரணம் சுருங்கியது.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய இன்னொரு படம் 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் நடந்ததைச் சொல்வது. கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டியை வனத்துறையினர் தாயிடம் சேர்த்துவிட்டு, தூரத்தில் இருந்து கண்காணித்தார்கள். அப்போது களப்பணியாளர் எடுத்த படத்தில் தாயை ஒட்டிக் குட்டி படுத்துத் தூங்குகிறது. முகபாவம் என்று எதையும் சுட்ட முடியாது. ஓர் உடல் இன்னோர் உடலை நம்பிக் கண் மூடியிருப்பது மட்டும் தெரிகிறது. உவகைக்கு அந்தப் படத்தில் நிலைக்களன் உண்டு: பிரிவும், சேர்க்கையும், சேர்த்துவைத்தவர்கள் தள்ளி நின்ற தூரமும்.

4

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் மா. கிருஷ்ணனிடம் (1912–1996) வராமல் இருக்க முடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இலிருந்து சாகும்வரை காட்டுயிர் பற்றிய பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கிடைக்கிறது. பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்துக்கொண்ட ஒரு கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே நின்றார்.

நான் பார்த்த அவருடைய முதுமலை யானைப் படங்களில் யானை எப்போதும் எங்காவது இருக்கிறது: மூங்கிலுக்குள், சரிவில், பாதி நிழலில், இன்னொரு யானையின் பின்பக்கத்தை ஒட்டி. முகம் முழுதாகத் தெரியாத படங்கள்கூட உண்டு. ஆனால் பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தாலே கூட்டத்தின் மனநிலை தெரிந்துவிடும். ஒரு காது விரிந்திருக்கும், ஒரு தும்பிக்கை காற்றில் உயர்ந்திருக்கும். இன்றைய போட்டிகளின் கண்ணுக்கு இவை மங்கலான, 'உணர்ச்சி இல்லாத' படங்களாகத் தோன்றலாம். எனக்கு அவை நிலைக்களனைக் கைவிட மறுத்த படங்களாகத் தோன்றுகின்றன.

குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டொன்றில், பிடியின் பசியைப் போக்கக் களிறு யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கிறது. யானைக்கு அன்பு என்று சொல்கிற பாட்டுத்தான். ஆனால் அதைச் சொல்வது தோழி, கேட்பது பிரிந்திருக்கும் தலைவி, சொல்லப்படுவது ஆற்றுவிப்பதற்காக. யாருடைய தேவைக்காக யானை அங்கே வந்திருக்கிறது என்பதைப் பாட்டு மறைப்பதில்லை. விலங்கின் மேல் மனித உணர்ச்சியை ஏற்றியது குற்றமல்ல. ஏற்றிய கையை மறைப்பதுதான் குற்றம். புகைப்படம் 'நான் பார்த்ததை மட்டும் காட்டுகிறேன்' என்று சத்தியம் செய்துகொண்டே ஏற்றுகிறது.

உணர்ச்சியே வேண்டாத இன்னொரு காமிராவும் இன்று காட்டில் இருக்கிறது. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டு 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. அவற்றில் 76,651 புலிப் படங்கள். அந்தப் படங்களில் புலி என்ன நினைத்தது என்று யாரும் கேட்பதில்லை. விலாவின் வரிகள்தான் வேண்டும். கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. எண்ணுவதற்கு வரி, விற்பதற்கு முகம் என்று ஒரே மிருகத்தை இரண்டாகப் பங்கு போட்டாயிற்று.

5

நான் வேலை செய்த இடத்திலும் இந்தப் பங்கு உண்டு. கேட்டில் நுழைகிறபோது ஒரு காமிரா முகத்தைப் பார்த்து வருகை போடும். அதற்கு நம் சிரிப்பு வேண்டாம், அளவுகள் போதும். நம் போன் காமிராவின் மேல் செக்யூரிட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். நோக்கியா 2006இலிருந்து 2014வரை போன் செய்த, இன்று ஐபோன்கள் பொருத்தப்படுகிற ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இது. உலகத்துக்கெல்லாம் காமிரா கோத்துக் கொடுக்கிற இந்தச் சாலையில், ஆலைக்குள் படம் எடுக்கும் உரிமை கோத்தவரிடம் இல்லை.

ஒரு வருஷம் கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க வந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களில் ஒருவரைக் கூப்பிட்டு இயந்திரத்தின் அருகே நிற்க வைத்தார்கள். "கொஞ்சம் சந்தோஷமா பாருங்கம்மா." அவர் பார்த்தார். பின்னால் இருந்த லைன், கடிகாரம், காத்திருந்த நாங்கள் எல்லாம் மங்கலாகக் கரைய, முகம் மட்டும் வந்தது. நல்ல படம், அதையும் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் 'எங்கள் பெருமை' என்கிற தலைப்போடு ஒட்டினார்கள். நான்கு மாதம் கழித்து அந்த அக்காவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. படம் மட்டும் அங்கேயே இருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் பார்க்க வந்தவர், "அந்த போட்டோவுல எனக்கு காலு வலி தம்பி. சிரிச்சா சீக்கிரம் விட்டுருவாங்கன்னு சிரிச்சேன்" என்றார்.

குரங்கின் பல் ஞாபகத்துக்கு வந்தது. அவரைக் குரங்கோடு ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது பார்க்கிறவர்களை. பலசாலியின் முன்னால் காட்டப்படும் பல்லைச் சிரிப்பு என்று வாசிக்கிற கண், காட்டிலும் ஆலையிலும் ஒன்றேதான். அச்சத்தின் நான்காவது நிலைக்களன் தன்னை ஆளும் தலைவன் என்று தொல்காப்பியம் எழுதிவைத்தது சும்மா இல்லை.

ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் அடக்கி ஆள்கிறான் என்கிற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதில் அது வேர்விட்டது. டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாகப் பரவியது. பிறகு அதே மெக், காட்டிலுள்ள கூட்டம் பெரும்பாலும் ஒரு தாயும் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும்தான் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். தலைவன், பணிபவன் என்கிற முறுக்கு அடைத்துவைத்ததன் விளைவு. கூண்டில் பிறந்த அந்த உணர்ச்சியை இயற்கை என்று சொல்லி நம் டிரெயினிங் ஹாலில் மாட்டியிருந்தார்கள்.

ஆகவே உணர்ச்சியைப் பிடிக்கும் புகைப்படத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. காரணத்தையும் சட்டத்துக்குள் விடு. விட முடியாவிட்டால் தலைப்பிலாவது சொல். எத்தனை அடி தூரத்தில் நின்றாய், எத்தனை வண்டி நின்றது, அது யாரைப் பார்த்தது என்று சொல். உணர்ச்சியின் பெயரை மட்டும் நீ சொல்லாதே.

போன மழைக்காலத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறபோது ஏரிக்கரையில், காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நரி நின்றது. நானும் போனை எடுத்தேன். இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள் விழுந்திருந்தன, அவ்வளவுதான். ரூமில் பையன்கள், "எப்படி வெறியா பாக்குது பாருண்ணே" என்றார்கள். அந்தப் பச்சை அதன் கண்ணுக்குப் பின்னால் உள்ள படலத்தில் பட்டுத் திரும்பிய கம்பெனி பஸ்ஸின் விளக்கு. படத்தின் கீழே எழுதிவைத்திருக்கிறேன்: இரவு 11.40. சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு புதர்க்காடு. பஸ் ஹாரன் அடித்தது. நான் எட்டடி தூரத்தில் நின்றேன். அது போக வழி தேடியது.